இக்னேஷியஸிடம் பாவசங்கீர்த்தனம்

"இன்னா பாவம் பண்ண? மறைக்காம சொல்லு பாய்."

கேட்டுவிட்டு இக்னேஷியஸ், கோயிலில் பாவமன்னிப்பு கொடுக்கும் பாதிரியார் மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் நீட்டுகிறார். ராயபுரத்தில் வீட்டு முன்னறையே அவருடைய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. பழைய அம்பாசிடரோ ஃபியட்டோ, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தால், வண்டிக்காரர் முதலில் அங்கிருக்கும் முக்காலியில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். பானெட்டைத் திறப்பதெல்லாம் பிறகுதான். "லைட்டு அதுவா எரியாது. நீ இன்னாவோ பண்ணிகீற" என்பது அவர் வேதம்.

"ஒண்ணுமே பண்ணல நைனா" என்று அம்பாசிடர் உபைதுல்லா சாதித்துப் பார்த்தார். நீட்டிய காது நீட்டியபடியே இருந்தது. கடைசியில், ஃபேன் பெல்ட் கீச்சுக்கீச்சென்று கத்தியதால் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிய உண்மை வெளியே வந்தது.

"பெல்ட்டு வழுக்குனா சார்ஜ் எப்டி ஏறும்? அதுக்குத் தல வாரி பூ வக்கலியா நீ?"

பெல்ட்டை மாற்றிக் கொடுத்து, எல்லாருக்கும் சொல்கிற அதே பரிகாரத்தையும் சொல்லி அனுப்பினார்: ஒரு வாரம் ஹாரன் அடிக்கக் கூடாது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிற ஊரில் இதைவிடக் கொடிய தண்டனை உண்டா? ஆனாலும் எல்லாரும் அடங்கிப் போகிறார்கள். அவர் கைராசி அப்படி. வாய்க்கொழுப்பும் அப்படித்தான்.

அந்த வாய்தான் மகள் சாண்ட்ராவின் நிச்சயதார்த்தத்தில், "எம்பொண்ணு என் ஃபியட்லதான் கோயிலுக்குப் போவும்" என்று ஊரறியச் சபதம் போட்டது. கல்யாணம் நடக்கப்போகும் கோயிலோ மாப்பிள்ளை ஊரான திருவொற்றியூரில். வழியில் வண்டி நின்றுவிட்டால் மானம் போய்விடுமே என்று மனைவி வியாகுலம்மாள் வாடகைக் கார் நம்பர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலை, பூ சுற்றிய ஃபியட்டை ஸ்டார்ட் செய்தார். சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. இக்னேஷியஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார்.

வியாகுலம்மாள் கைக்குட்டையை எடுத்தார். வாடகைக் காருக்குப் போன் போடப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ பட்டுப்புடவையோடு உள்ளே போய் முக்காலியைத் தூக்கி வந்து தெருவில் போட்டார்.

"குந்து."

"நான் ஒண்ணும் பண்ணல ம்மே. பெல்ட்டு டைட்டா கீது, பேட்டரி புச்சு..."

"லைட்டு அதுவா எரியாது. நீ இன்னாவோ பண்ணிகீற." முகத்தைத் திருப்பிக்கொண்டு காதை நீட்டினார்.

கோட்டும் டையுமாக முக்காலியில் குந்தியிருந்த மனிதரைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. சாண்ட்ரா வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்தபடி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

"மாதாவுக்கு..." என்று முனகினார்.

"சத்தமா."

டேஷ்போர்டில் இருக்கும் மாதா சுரூபத்துக்கு முந்தின நாள் ஆசை ஆசையாக நீலச் சீரியல் விளக்கு சுற்றியிருந்தார். அவசரத்தில், கைக்கு அகப்பட்ட சிவப்பு விளக்கின் ஒயரிலிருந்தே அதற்குக் கரண்ட் இழுத்துவிட்டார். அந்த ஒயரில் வேறு எதையும் மாட்டினால் சார்ஜ் ஏறாது என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்பவரும் அவரேதான்.

ஒயரைப் பிரித்து ஃபியூஸ் பெட்டியிலிருந்து வேறு இழுத்தார். சிவப்பு அணைந்தது. மாதா நீலமாக ஜொலித்தார்.

"அப்பாவுக்குப் பரிகாரம் இன்னாம்மா?" என்றாள் சாண்ட்ரா.

"அதான் ஊருக்கே தெரியுமே" என்று வியாகுலம்மாள் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே நின்றது. கோயில் மணி அடிக்கிற நேரம். இக்னேஷியஸின் உள்ளங்கை தானாக ஹாரன்மேல் போனது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். பின்சீட்டில் வியாகுலம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, காதை மட்டும் நீட்டியிருந்தார்.

கையை எடுத்தார். ஜன்னலை இறக்கி, டையோடு பாதி உடம்பை வெளியே நீட்டி, தொண்டை நரம்பு புடைக்க, "பீப்... பீப்... பீஈஈப்!" என்று கத்தினார்.