கடைசிப் பக்கங்கள்

சிக்பிரித் அல்ம்க்விஸ்த் ஸ்வீடனின் யெவ்லே நகரத்துப் பத்திரிகையில் பல்லாண்டுகள் விமர்சனம் எழுதி மற்றவர்களின் கவிதைகளைக் கூறுபோட்டவர். அவருடைய சொந்தத் தொகுப்பு இளமையில் வந்த ஒன்றுதான். இரண்டாவதை அந்த வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

அவர் வீட்டில் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். என் அப்பா மர அறுப்பு ஆலைக்காரர்; எங்கள் குடும்பத்தில் கவிதைப் புத்தகம் வாங்கிய முதல் ஆள் நான். எழுதுகிறவர்களுக்குப் பயமிருக்காது என்று நம்பியிருந்தேன். சிக்பிரித்தோ ஒரு வரியை அடிப்பார், திரும்ப எழுதுவார், ஜன்னலுக்கு நடப்பார். போட்ட காப்பி ஆறிக் கிடக்கும்.

வெள்ளியன்று கட்டடத்தின் அடித்தளத்தில், எல்லா வீடுகளுக்கும் பொதுவான அறையில், துணி துவைக்க எங்கள் முறை. இயந்திரத்தில் மேல்மாடி துர்க்னியின் சட்டைகள் இன்னும் கிடந்தன. அவர் பள்ளியில் இசை ஆசிரியர், கவிஞரும்கூட. சிக்பிரித் கதவில் சீட்டு ஒட்டினார்: ‘முடிக்கத் தெரியாதவன் தொடங்கக் கூடாது.’

துர்க்னி சீட்டைக் கிழித்துக்கொண்டே உள்ளே வந்தார். “என் புத்தகத்துக்கும் இதையேதான எழுதின? சட்டையையாவது விட்டுவை.”

“சட்டை தேவலாம். சாயம் போகல.”

“உன் புத்தகம் வரட்டும். நான்தான் விமர்சனம் எழுதப்போறேன்.”

சிக்பிரித்தின் முகம் வெளுத்தது. “ஒரே கட்டடத்துல இருக்கோம். தெரிஞ்சவங்க புத்தகத்துக்கு எழுதக்கூடாது.”

“கதவுல சீட்டு ஒட்டித் திட்டிக்கறோம், அதான் நம்ம பழக்கம். என் புத்தகத்தை விமர்சனத்துக்கு எடுத்தப்போ இது தோணலியா?”

சிக்பிரித் ஓர் ஈரச் சட்டையை முறுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தார். அது அவருடையதுகூட இல்லை.

“துர்க்னி, கடைசிப் பக்கங்களை நான் படிக்கல.”

“முடிவே இல்லைன்னு எழுதினியே!”

“ஆமா.”

துர்க்னி சிரிக்கவில்லை. சட்டைகளை அள்ளிக்கொண்டு வாசலில் நின்றார். “உன்னுதை நான் கடைசி வரைக்கும் படிப்பேன். அதுக்கு நீ முதல்ல அனுப்பணும்.”

எங்கள் துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு மேலே வந்ததும் சிக்பிரித் ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் கணினி முன் உட்கார்ந்தார். அனுப்பிவிட்டு உடனே எழுந்தார்.

“போயிடுச்சா? திரும்ப வாங்க முடியுமா?”

“முடியாது, சிக்பிரித்.”

அலமாரியிலிருந்து துர்க்னியின் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கமாகத் திறந்தார். உட்காரவில்லை. நடந்துகொண்டே படித்தார். நான் துணியை எடுக்கக் கீழே இறங்கினேன். எங்கள் நேரம் முடிந்திருந்தது. கதவில் வேறு யாரோ எங்களைத் திட்டி ஒட்டிய புதுச் சீட்டு.