மெயின் சுவிட்சை அணைக்கிற ஊரில் கிளவுட் பேக்கப்

1. எழும்பாத கம்பியூட்டர்

நிசாம் நானா காலையிலேயே போன் எடுத்தால் பிரின்டரில் பேப்பர் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குக் குரல் வேறு மாதிரி இருந்தது. கம்பியூட்டர் எழும்பவில்லை, உடனே வரச் சொன்னார்.

ஹட்டன் டவுனில் என் ரிப்பேர் கடையிலிருந்து அவருடைய போட்டோ ஸ்டூடியோ நடக்கிற தூரம்தான். கலியாணம், சடங்கு, அடையாள அட்டைப் படம் என்று சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் முகமெல்லாம் அந்த ஒரே மெஷினுக்குள் இருந்தது. கழற்றிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் செத்துப் போயிருந்தது. கேமரா லென்ஸுக்கே பூஞ்சணம் பிடிக்கிற ஈரம் இது. டிஸ்க் மட்டும் சிரஞ்சீவியாக இருக்குமா?

நானா பதறவில்லை. எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது, எடுத்துக் கொடுத்தால் போதும் என்றார்.

பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் சரோஜா, லிந்துலைப் பக்கத்துத் தோட்டம். அவர் கணவர் ராமையா ஃபெக்டரியில் வேலை பார்த்தவர். நெஞ்சுவலி வந்து திடீரென்று போய்விட்டார். கருமாதிக்கு ஃபிரேம் போட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருப்பது ஐடென்டிட்டி கார்டில் உள்ள பழைய முகம் மட்டும். மகள் கலியாணத்துக்கு நிசாம் நானாதான் படம் எடுத்தார். ஆல்பம் இன்னும் முடியவில்லை.

"போன்ல புள்ளைங்க எடுத்ததுல பூராவும் அவரு முதுகுதான் மிஸ். ஓடிக்கிட்டே இருந்தாரு. இவுங்கதான் புடிச்சு இழுத்து மேடையில நிக்க வச்சு ஒண்ணு எடுத்தாங்க. புதுச் சட்டையோட. அது கெடைச்சா போதும்" என்றார்.

இப்போது எடுத்துத் தருகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

2. கொழும்பிலிருந்து வந்த சேர்

அந்தக் கிளவுட் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு நானா ஒழுங்காகத்தான் இருந்தார். ஒவ்வொரு கலியாணத்தையும் வெளியே ஒரு டிஸ்கில் கொப்பி பண்ணி வீட்டு அலுமாரியில் வைப்பார். அதில் தூசி பிடித்திருக்கும், லேபல் ஒழுங்காக ஒட்டியிருக்காது, ஆனாலும் படம் இருக்கும்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு சேர் வந்தார். பளபளவென்று லெப்டொப், அதில் படம் படமாக விளக்கம். சின்ன பிஸ்னஸுக்கு வழி மூன்று: எல்லாவற்றையும் கடையிலேயே வைத்திருப்பது, எல்லாவற்றையும் கிளவுட்டில் போடுவது, இரண்டையும் கலந்து செய்வது. அவர் இரண்டாவதை விற்க வந்தவர். பகலில் டேட்டா விலை கூட, ராத்திரி டேட்டா கிட்டத்தட்ட சும்மா. ஆகவே பேக்கப் நடுராத்திரிக்கு மேல் தானாக ஓடும், விடிவதற்குள் நின்றுவிடும் என்றார்.

நான் மூன்றாவதைச் சொன்னேன். வீட்டு அலுமாரி டிஸ்கை நிறுத்த வேண்டாம், முக்கியமான படங்களை மட்டும் கிளவுட்டுக்கு அனுப்பலாம், கனமான மூலக் கோப்புகளையெல்லாம் இந்த ஊர் சிக்னலில் ஏற்ற முடியாது என்றேன். நானா தாடியைத் தடவினார். ஒரே வேலைக்கு இரண்டு செலவு எதற்கு என்று கேட்டார்.

"செட் பண்ணிட்டு மறந்துடலாம் சேர்" என்று கொழும்பு சேர் முடித்து வைத்தார். மறப்பது எல்லோருக்கும் பிடித்த வேலை. அவர் பகலில் நாலைந்து பாஸ்போர்ட் படத்தை ஏற்றிக் காட்டினார், பச்சை டிக் விழுந்தது, பிளேன்டி குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றோடு அலுமாரி டிஸ்க்கும் நின்றது.

3. கிளவுட்டில் இருந்தது

என் லெப்டொப்பில் நானாவின் கணக்கைத் திறந்தேன். அந்த நாலைந்து பாஸ்போர்ட் படம் இருந்தது. இன்னொரு ஃபோல்டர் அரைகுறையாக இருந்தது. அவ்வளவுதான்.

ரிப்போர்ட் எல்லாம் ஒரு மெயிலுக்குப் போயிருந்தது. மகன் திறந்து கொடுத்த மெயில், நானாவுக்கு அதன் பாஸ்வேர்டே தெரியாது. மகனிடம் கேட்டு உள்ளே போனால், பேக்கப் நடக்கவில்லை, பேக்கப் நடக்கவில்லை என்று ஒரே பாட்டு, பக்கம் பக்கமாக. ஒன்றையும் யாரும் படிக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்று நானாவிடமே கேட்டேன். ராத்திரி கம்பியூட்டரை நிறுத்துவீர்களா?

"கம்பியூட்டர என்னத்துக்கு தங்கச்சி தனியா நிப்பாட்ட? கட பூட்டக்குள்ள மெயின் சுவிட்ச்சயே நிப்பாட்டிட்டுத்தானே போற."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. மலைநாட்டு டவுன்களில் கடை பூட்டும்போது முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். இடி மின்னல், பழைய வயரிங், பலகைச் சுவர். ஒரு கடையில் நெருப்புப் பிடித்தால் வரிசையே போய்விடும். நானாவின் வாப்பா அப்படிச் செய்தார், நானா செய்கிறார், நானும் என் கடையில் செய்கிறேன். இந்த ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அந்தக் கொழும்பு சேருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, எங்களுக்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. கரண்டே இல்லாத கடையில், நடுராத்திரி ஓடுகிற பேக்கப்புக்கு மாதா மாதம் காசு கட்டியிருக்கிறார் மனிதர்.

செத்த டிஸ்கைக் கொழும்புக்கு அனுப்பினோம். திறந்து பார்த்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கேமரா கார்டில் அடுத்தடுத்த கலியாணங்கள் ஏறிவிட்டன. மிச்சமிருந்தது அந்த அரைகுறை ஃபோல்டர் ஒன்றுதான்.

4. அணைக்க மறந்த ஒரு ராத்திரி

அந்த ஃபோல்டரின் தேதியைச் சொன்னதும் நானாவுக்கு வேர்த்தது. அன்று மாலை அவர் மனைவிக்கு மூச்சு முட்டி, கடையை அப்படியே பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். விடிவதற்கு முன்பு, சுவிட்ச் அணைக்காதது ஞாபகம் வந்திருக்கிறது. பக்கத்து பேக்கரிக்காரரிடம்தான் மறு சாவி இருக்கும். போன் போட்டு எழுப்பி, உள்ளே போய் அணைக்கச் சொல்லியிருக்கிறார்.

"அல்லாஹ் காப்பாத்தின, கட எரியல்லன்னு நெனச்சேன்" என்றார்.

பேக்கப் வேலை செய்த ஒரே ராத்திரி அதுதான். அதையும் ஆளை எழுப்பி அணைத்துவிட்டோம்.

அன்றைக்குப் புதிதாக மெஷினில் ஏறியிருந்தது சரோஜாம்மா மகளின் கலியாணம். கடைசியாக எடுத்த படத்திலிருந்து பின்னோக்கி ஏறும்படி செட் பண்ணியிருந்தார்கள். ஆகவே பந்தி இருந்தது. மணமக்கள் காரில் ஏறியது இருந்தது. தாலி கட்டியது இல்லை. மேடை இல்லை. புதுச் சட்டை போட்ட ராமையா இல்லை.

சரோஜாம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாழையிலைக்குக் குனிந்த தலைகள், அப்பளம் பிடித்த கைகள், அழுகிற குழந்தை. ஒரு படத்தின் ஓரத்தைப் பார்த்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

பாயாச வாளியோடு ஒருவர் நின்றிருந்தார். தோளில் துண்டு, சட்டையெல்லாம் வேர்வை. எதிரே இருந்தவர் ஏதோ கிண்டல் பண்ணியிருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பாதியைத் தூணின் நிழல் மறைத்திருந்தது.

வெட்டிப் பெரிதாக்கினோம். நானா நிழலை எடுக்கப் பார்த்தார், முகம் களிமண் மாதிரி ஆனது, விட்டுவிட்டார். வாளியின் விளிம்பு ஃபிரேமுக்குள்ளேயே நின்றது. நானா காசு வாங்க மறுத்து, தலையைக் குனிந்துகொண்டே பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் என் கோபம் தீரவில்லை.

சரோஜாம்மா எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஃபிரேமை மடியில் வைத்து முந்தானையால் துடைத்தார்.

"இது போதும் மிஸ். ஏதோ இதாச்சும் கெடைச்சிச்சே" என்றார்.

5. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

இப்போது நானாவின் பேக்கப் பகலில், மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு ஸ்டூடியோவில் ஆள் குறைகிற நேரத்தில் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடை பூட்டும்போதும் மெயின் சுவிட்ச் அணையும் என்பதால் அன்றைக்கு மட்டும் காலையில். எல்லாப் படமும் ஏறாது. ஒவ்வொரு கலியாணத்திலும் மேடைப் படமும் குடும்பப் படமும் முதலில் ஏறும். அலுமாரி டிஸ்க் திரும்ப வந்துவிட்டது. கடை பூட்டுமுன் கிளவுட்டிலிருந்து ஒரு படத்தை இறக்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் நானா சுவிட்சில் கை வைக்க வேண்டும். பகல் டேட்டா விலை கூட என்று இன்னும் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

கிளவுட் நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள், அலுத்துவிட்டது. எந்தக் கொம்பனியின் விலைப்பட்டியலையும் விரிக்கும் முன்பு, அந்தக் கடையில் ஒரு நாள் சாயங்காலம் வரை இருங்கள். கடைக்காரர் எதை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்று பாருங்கள். திட்டம் அதற்குப் பிறகுதான்.

ஏனென்றால், நாம் கோட்டை விட்டாலும் வந்தவர்கள் நம்மைத் திட்ட மாட்டார்கள். கிடைத்ததை வாங்கிக்கொண்டு போதும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மேடையில் புதுச் சட்டையோடு நின்ற மனிதரை அந்த அம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். பாயாச வாளி போதாது.