கவிழ்ந்த வண்டியும் எங்கள் ஸ்பேனரம்மாவும்

சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கடலில் ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் முழங்கைவரை கையை விட்டு ஸ்பார்க் பிளக்கைத் திருகிக்கொண்டிருந்தாள் என் மருமகள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோன நான், டப்பாவைத் திறக்க ஆளில்லாததால் டூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி அண்ணனுடையது. விற்கப் பார்த்தார். கேட்டது கடற்கரை மீட்புக் குழு. "ஸ்பேனரம்மா சரின்னு எழுதிக் குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டார் குழுத் தலைவர். படகுத்துறையில் இவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அலைக்கு நடுவில் எஞ்சின் நின்றால், முங்குகிறவனோடு தூக்கப் போனவனும் போவான். அவள் எழுதிக் கொடுப்பதன் எடை அவ்வளவு.

"எண்ணெய் புதுசு, பிளக் புதுசு. இன்னும் என்ன நோண்டுற?" என்றார் அண்ணன்.

"அதான் நோண்டுறேன். எல்லாம் ஒரே நாள்ல புதுசாகுமா?"

நான் நாற்பது வருடம் நோயாளிகளைக் கவனித்தவள். சட்டையை மட்டும் மாற்றிவிட்டு, "நல்லா இருக்கார்" என்று சொல்லும் சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தால்தான் முதுகுப் புண் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே இவள் எங்கள் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டாள். வாய் வலிக்கத் திட்டினேன். சாயங்காலம் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு திட்டவில்லை.

எண்ணெய் மூடியின் உட்புறத்தை விரலால் வழித்து என்னிடம் காட்டினாள். பால் ஏடு மாதிரி வெளுப்பு. தண்ணீர் கலந்த எண்ணெய் அப்படித்தான் ஆகுமாம். எண்ணெயை மாற்றியவர் மூடியைத் துடைக்க மறந்திருக்கிறார். அடுத்து காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உட்பக்கத்தில் மணல் ஒட்டியிருந்தது.

"அண்ணே, கவுந்துச்சா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப மணல் ஏணி போட்டு ஏறுச்சா?"

பிளக் இருந்த ஓட்டையில், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் சேருகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் மீட்டரைப் பொருத்தி, "ஆக்சிலேட்டர முழுசா புடிச்சு பட்டன அமுக்கு" என்றாள். முதல் இரண்டு சிலிண்டரிலும் முள் நூற்றைம்பதைத் தொட்டது. மூன்றாவதில் நூற்றுப்பத்திலேயே நின்றது. திரும்ப அமுக்கச் சொன்னாள். அதே நூற்றுப்பத்து. சின்னக் கேமராவை உள்ளே இறக்கினாள். திரையில் சிலிண்டர் சுவரைச் சுற்றித் துரு, கறை படிந்த டம்ளர் விளிம்பு மாதிரி.

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். "ஒரே தடவதான் பாப்பா. திருப்புற பக்கத்துக்கு அம்புக்குறி ஒட்டியிருக்கே, தண்ணிக்குள்ள எங்க தெரியுது? கைக்கு வந்த பக்கம் பொரட்டிட்டேன்."

தப்பான பக்கம் திருப்பினால் புகைக்குழாயில் நிற்கும் தண்ணீர் நேரே எஞ்சினுக்குள் இறங்கிவிடும். இதை அவள்தான் எனக்கு விளக்கினாள்.

"பொரட்டுனதுக்கு அப்புறம்?"

"காயட்டும்னு ஒரு வாரம் விட்டேன்."

"கொடியில போட்ட துணியா அது? அன்னிக்கே தண்ணிய வெளியேத்தி ஓட விட்டிருந்தா பொழச்சிருக்கும். ஒரு வாரத்துல உப்பு தின்னுடுச்சு."

"கூடப் பொறந்தவனுக்காக ஒரு வரி எழுத மாட்டியா?"

"எழுதறேனே." பலகையில் தாளை வைத்து எழுதினாள்: 'கவிழ்ந்த வண்டி. மூன்றாவது சிலிண்டர் துரு. மீட்பு வேலைக்கு இப்போது ஆகாது.' கீழே கையெழுத்துப் போட்டாள். நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "அத்தே, நீங்களாவது சொல்லுங்க."

"என்ன சொல்ல? முதல்ல சாப்பிடுங்க தம்பி. அவ எழுதினது சரி."

அவர் சாப்பிடாமலே போனார். தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை நாங்கள் பட்டறையைத் திறக்கும்போது வாசலில் நின்றார். தலைவரிடம் அவரே போய்த் தாளைக் கொடுத்துவிட்டாராம். "சரி பண்ணி, அவ திரும்ப எழுதட்டும், அப்ப பாக்கலாம்னுட்டார்" என்றார். மருமகள் ஒரு ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள். சிலிண்டர் மூடியின் போல்ட்டுகளை அவர் கழற்ற ஆரம்பித்தார். இவள் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, வண்டியின் அடிப்பக்கத்தில், கவிழ்ந்து கிடந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி, முழ நீளத்துக்கு ஓர் அம்புக்குறி வரைந்தாள்.