படிக்காமல் போட்ட ஓகே

ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்தது. இன்னொருவர் எழுதிய புரோகிராமை ரிவ்யூவுக்குக் கொடுத்தால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எழுதியவரே மறந்துபோன வரியைத் தோண்டியெடுத்து, "இது எதுக்கு?" என்பாள். பதில் தெரியாமல் திருதிருவென்று முழித்தவர்கள் கடுப்பில் வைத்த பெயர் அது. அவளுக்கோ உள்ளூரப் பெருமை.

அந்தக் கண்தான் அவளை மேலே தூக்கிவிட்டது. சீனியர் ஆனாள், லீட் ஆனாள், கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கி மெசேஜ் அனுப்பும் கம்பெனி சாஃப்ட்வேருக்கே மூத்த என்ஜினியர் ஆனாள். இந்தத் தொழிலில் ஒரு கூத்து உண்டு. நன்றாகப் புரோகிராம் எழுதுகிறாய் என்று மேலே ஏற்றுவார்கள். ஏற்றிய கையோடு புரோகிராம் பக்கமே போக விடமாட்டார்கள். காலையில் ஒரு மீட்டிங், அந்த மீட்டிங்கில் என்ன பேசுவது என்று அதற்கு முன்னால் ஒரு மீட்டிங். ரிவ்யூ மட்டும் அவளை விடாமல் ஒட்டிக்கொண்டது. சில பழைய பகுதிகளில் கைவைக்க வேண்டுமானால் அவள் ஓகே போட்டாக வேண்டும், ஏனென்றால் அவற்றை எழுதியதே அவள்தான்.

முதலில் எல்லாவற்றையும் படித்தாள். அப்புறம் பெரிய மாற்றங்களை மட்டும். அப்புறம் யார் எழுதியது என்று மட்டும் பார்த்தாள். ஒரு காது மீட்டிங்கில் இருக்க, விரல் பாட்டுக்கு ஓகே போட்டுக்கொண்டே போனது. "அக்காகிட்ட அனுப்பினா உடனே வந்துடும்" என்று எல்லோரும் மெச்சினார்கள். அதில் இருந்த குத்தல் அவளுக்கு உறைக்கவில்லை. பெயர் மட்டும் பூதக்கண்ணாடி என்றே நின்றுவிட்டது.

பிரின்சிபல் என்ஜினியர் என்ற கடைசிப் படி இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி முடிவு செய்யும். அந்த வாரத் திங்களன்று, கமிட்டியில் என்ன பேசலாம் என்று மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாற்றம் ரிவ்யூவுக்கு வந்தது. எழுதியவள், குழந்தைகளுக்காகச் சில வருடங்கள் வேலையை விட்டுவிட்டு இப்போதுதான் திரும்பி வந்தவள். மாற்றத்தின் கீழேயே கேட்டிருந்தாள்: "அக்கா, தேதி மாத்தினவங்களுக்குப் போற மெசேஜ்ல, சர்வர் கடிகாரத்துக்கும் கிளினிக் கடிகாரத்துக்கும் இருக்கற ஒரு மணி நேர வித்தியாசத்தை இங்க கூட்டியிருக்கேன். வேற எங்கயாவது ஏற்கெனவே கூட்டுதான்னு எனக்குத் தெரியல. கொஞ்சம் பாருங்களேன்."

ஏற்கெனவே கூட்டிக்கொண்டுதான் இருந்தது. கூட்டும் வரியை எழுதியதே பூதக்கண்ணாடிதான். படித்திருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பாள். படிக்கவில்லை. ஓகே போட்டுவிட்டு, மேனேஜர் சொன்னதற்குத் தலையாட்டினாள்.

மறுநாள் காலை, தேதியை மாற்றிக்கொண்ட நோயாளிகளுக்கெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டிய தப்பான நேரத்தோடு மெசேஜ் போனது. மதியத்துக்குள் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள். கிளினிக்குகளுக்கு மன்னிப்பு கேட்டு மெயில் போனது. நோயாளிகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

கோளாறு நடந்தால் கூடிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் 'யார்' என்று கேட்கக்கூடாது, 'ஏன்' என்றுதான் கேட்க வேண்டும். அந்த விதியை அங்கே கொண்டுவந்ததே பூதக்கண்ணாடிதான். சின்னவர்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்லட்டும் என்றுதான் அன்றைக்குச் சண்டை போட்டு வாங்கினாள். புதன்கிழமை அந்த விதிக்குப் பின்னால் அவளே போய் ஒளிந்துகொண்டாள்.

"ரிவ்யூலயும் மாட்டல" என்றார் மேனேஜர். "டைம் சம்பந்தப்பட்டது, யார் கண்ணுக்கும் தப்பும்."

"நான்தான் இன்னும் டெஸ்ட் பண்ணியிருக்கணும்" என்றாள் திரும்பி வந்தவள். குரல் உடைந்திருந்தது.

"யாருன்னு பேச வேண்டாம்மா, நம்ம விதி தெரியுமில்ல" என்றார் மேனேஜர்.

நான் படிக்கவே இல்லை என்று சொல்ல பூதக்கண்ணாடிக்கு வாய் வரை வந்தது. வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்ததும் விழுங்கிவிட்டாள். கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் வாசலில் காத்திருந்தாள். நன்றாக நாலு வார்த்தை கேட்கப் போகிறாள் என்று பூதக்கண்ணாடி மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"சாரிக்கா. என்னால உங்க பேரும் இதுல வந்துடுச்சு. கமிட்டி நேரத்துல போய்..."

"பரவாயில்ல, விடு" என்றாள் பூதக்கண்ணாடி.

வீடு வரும்வரை அந்தப் 'பரவாயில்ல' அவளை விடவில்லை. யார் யாரை மன்னிப்பது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். ரிட்டயரான பஸ் டிரைவர். வண்டியைத் தாமதமாக எடுத்ததே இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்கிற மனுஷன். அவருக்கு முன்னால் ஸ்கூட்டர் சாவி கிடந்தது.

"இதை நீயே வெச்சுக்கோம்மா. இனிமே நான் தனியா வெளியில போகல."

"ஏம்பா, என்னாச்சு?"

அவர் மேஜையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நேத்து கண் டாக்டர்கிட்ட போனேன் இல்ல? பதினோரு மணின்னு நெனச்சுட்டுப் போனேன். பத்து மணியாம். எங்க கம்ப்யூட்டர்ல சரியாத்தானே இருக்கு, பெரியவரேன்னு அங்க கவுன்டர்ல இருந்த பொண்ணு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுச்சு. அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க."

டாக்டருக்கு வெளியூர் வேலை வந்து அப்பா தேதி மாற்றியது பூதக்கண்ணாடிக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. போய்விட்டு வந்தீர்களா என்று நேற்று கேட்டதற்கு 'ம்' என்றாரே, அதோடு விட்டுவிட்டாளே.

"மெசேஜ் இருக்காப்பா?"

"படிச்சதும் அழிச்சிடுவேனே, போன் நெறஞ்சிடும்னு. பதினொண்ணுன்னு படிச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா உன் கம்பெனி அனுப்பினது தப்பா இருக்குமா? எனக்குத்தான் புத்தி பிசகுது. பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது." அவர் குரல் தாழ்ந்தது. "கடைசியில சொந்தத் தெருவிலயே வழி தெரியாம நின்னாரு."

நேற்றிலிருந்து மனுஷன் இதை நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். இங்கே எந்த விதியும் அவளைக் காப்பாற்ற வரவில்லை.

"அப்பா, நீங்க படிச்சது சரி. பதினொண்ணுன்னுதான் வந்துச்சு. தப்பு எங்களோடது." நிறுத்தினாள். 'எங்களோடது' என்ற சொல் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. "என்னோடது. சரியான்னு பார்க்கச் சொல்லி ஒரு பொண்ணு எனக்கு அனுப்பியிருந்தா. நான் படிக்காமலே ஓகே போட்டுட்டேன்."

அப்பா அவளையே பார்த்தார். திட்டினால் தேவலை என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லப்பா."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்குக் கண்ணைக் கரித்தது. சாவியை எடுத்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோபமே வரவில்லை அவருக்கு. நேராகப் போனை எடுத்து அவள் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், எனக்கு மறதியெல்லாம் இல்லடா! உன் அக்கா படிக்காம ஓகே போட்டுட்டாளாம்! ஆமாம், அவளே சொல்றா!"

அடுத்து அத்தைக்குப் போன் போனது. "நான் சரியாத்தான் போயிருக்கேன். நம்ம பொண்ணுதான் படிக்காம ஓகே போட்டுட்டா!" அதற்கப்புறம் அவர் பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டருக்கு. பெண்ணுக்குப் பெரிய பதவி வரப்போகிறது என்று போன வாரம் தம்பட்டம் அடித்த அதே ஆட்களிடம், அதே குரலில், அதைவிட சந்தோஷமாக. பூதக்கண்ணாடிக்குக் காதெல்லாம் சுட்டது. நிறுத்துங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது!

லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பெண், மேனேஜர், கமிட்டிக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் எழுதினாள்: "திங்கட்கிழமை வந்த மாற்றத்தை நான் படிக்காமலே ஓகே போட்டேன். எங்கே தவறு வரலாம் என்று எழுதியவள் என்னிடம் சரியாகக் கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியையும் நான் படிக்கவில்லை."

விரல் பழக்கதோஷத்தில் அனுப்பும் பொத்தானுக்குப் போனது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். முதல் எழுத்திலிருந்து நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் அனுப்பினாள்.