சொந்தப் பிள்ளையின் கயிறு

பிலே என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஏறுகிற பெண்ணின் இடுப்பில் ஹார்னஸ் என்கிற வார்ப்பட்டை இருக்கும். அதில் கட்டிய கயிறு சுவரின் உச்சியில் உள்ள வளையத்தில் புகுந்து கீழே இறங்கி, தரையில் நிற்பவர் இடுப்பில் மாட்டிய ஒரு சின்னக் கருவி வழியாக அவர் கைக்கு வரும். அவள் ஏற ஏற இவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வர வேண்டும். அவள் தவறினால் இவர் கயிற்றைக் கீழ்நோக்கி இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அவள் அந்தரத்தில் தொங்குவாள். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதப்போவதில்லை.

ஐஸ் கம்பெனிச் சுவர்

பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். சுனாமிக்குப் பிறகு கடலோரக் குருசுக்குப்பத்தில் பெண்களுக்கென்று ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். படம் வரையச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். மையத்தை நடத்தியவள் தேவகி. ரெட்டியார்பாளையத்துப் பெண், இமயமலையில் பனிச்சிகரங்கள் ஏறியவள், என்னைவிட மிகவும் இளையவள்.

முதல் நாள் அவள் காட்டியது, மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனி ஒன்றின் வெளிச்சுவர். கையும் காலும் வைத்து ஏறுவதற்கு அதில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஹோல்டுகளை போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். தட்டாஞ்சாவடியில் ஃபைபர் படகு செய்யும் பட்டறையில், சொரசொரப்புக்காக மணல் கலந்து வார்த்தவை.

"இதுல நான் என்னத்த வரையறது?" என்றேன்.

"நீங்க வரைய வேணாம் டீச்சர். இங்க இருக்கற அம்மாங்க வரையட்டும். வயசுக்கு வந்த பொண்ண வெளிய அனுப்புங்கன்னா அனுப்ப மாட்டாங்க. அவங்களே நின்னு பெயின்ட் அடிக்கிற சுவருன்னா கூடவே கூட்டிட்டு வருவாங்க. அம்மா கீழ வரையட்டும், பொண்ணு மேல ஏறட்டும்."

அவள் சொன்னபடியே நடந்தது. இன்னொரு விதியும் வைத்திருந்தாள். எந்தப் பெண் ஏறினாலும் அவளுடைய அம்மாதான் பிலே பிடிக்க வேண்டும். பெற்றவள் கையில் கயிறு இருந்தால் ஊரில் யாரும் வந்து கேள்வி கேட்க முடியாது என்பது அவள் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் நித்யாவையும் கூட்டிவந்து சேர்த்தேன். அவள் சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்க்கிற அம்மா நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூளியாக விடக்கூடாது

வரைய வந்தவர்களில் முன்னால் நின்றது மீன் விற்கும் அஞ்சலை. அவள் மகள் மகாவுக்கு நித்யா வயதுதான். நான் சுவரில் ஒரு மீனுக்குக் கோடு போட்டுக் காட்டினேன். அஞ்சலை இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா இது?"

"வஞ்சிரம்."

"ஐஸ்ல வெச்சு நாலு நாள் ஆன வஞ்சிரமா? கண்ணு உள்ள போயிருக்கு பாரு. இத நான் கூடையில வெச்சா என்னத் தொரத்தி அடிப்பாங்க."

சிரித்து முடித்துவிட்டு அவளே வரைந்தாள். மீன் துள்ளியது.

ஊர்க்காரர்கள் முன்னால் பெண்கள் ஏறிக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். அதற்கு முந்தின நாள் தேவகியும் நானும் ஊரில் இல்லை. ஞாயிறு காலை வந்து பார்த்தால் சுவர் புதுப் படகு மாதிரி மின்னியது. கணவர்களும் மாமியார்களும் ஏற்கெனவே கூடிவிட்டார்கள். தேவகி வளையத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கைக்கு எட்டிய ஹோல்டுகளை அசைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"டீச்சர் பொண்ணு மொதல்ல ஏறட்டும், அப்புறம் நம்ம புள்ளைங்க" என்று யாரோ சொன்னார்கள்.

நித்யா ஏறினாள், விதிப்படி நான் கயிறு பிடித்தேன். பாதிக்கு மேல் போனதும் அவள் கால் வழுக்கியது. கையும் விட்டது. என் உடம்பு முன்னால் இழுபட்டது. கயிற்றை இறுக்கினேன். அவள் ஊசலாடிப்போய் முகவாயைச் சுவரில் இடித்துக்கொண்டு தொங்கினாள்.

"எறக்குங்க டீச்சர், மெதுவா" என்றாள் தேவகி.

என்னால் முடியவில்லை. எப்படி இறக்குவது என்று தெரியும். ஆனால் கை திறக்க மறுத்தது. நித்யாவின் கழுத்தில் ரத்தம் இறங்குவது தெரிந்தது. "அம்மா, எறக்கும்மா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவள் மேலிருந்து கத்துகிறாள். நான் சிலையாக நிற்கிறேன். கடைசியில் தேவகி என் பின்னால் வந்து, என் கைக்குக் கீழே தானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பிள்ளையை இறக்கினாள். முகவாயில் தையல் போட வேண்டியிருந்தது. வேறு அடி இல்லை.

தேவகி இன்னொரு கயிற்றில் ஏறி, மேலிருந்த ஹோல்டுகளைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. வெயிலில் வெளுத்துப்போன மேல்வரிசை ஹோல்டுகளுக்கு, சிவப்புக்குச் சிவப்பும் நீலத்துக்கு நீலமுமாக யாரோ இனாமல் பெயின்ட் பூசியிருந்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது.

"நாந்தான் ஏணி போட்டுப் பூசனேன்" என்றாள் அஞ்சலை. "படகக் கடல்ல எறக்கும்போது ஒரு எடம் விடாம பெயின்ட் அடிப்போம். மூளியா எறக்கக் கூடாது. நாலு பேரு பாக்க வர்ற நாளாச்சேன்னு..."

"மேல ஏறிப் பாக்காம வுட்டது நான்" என்றாள் தேவகி. அதற்குள் ஒரு மாமியார், "போதும், வாங்கடி வீட்டுக்கு" என்று எழுந்துவிட்டாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஹார்னஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.

விதியை மாற்றியது

ஹோல்டுகள் தட்டாஞ்சாவடிக்குத் திரும்பிப் போய், புதிதாக மணல் பிடித்து வந்தன. பெண்கள்தான் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மகளை மறுபடி ஏற விட்டால் அவர்களும் விடுவார்கள், இல்லாவிட்டால் சுவர் அவ்வளவுதான். வீட்டில் நித்யா தினமும் கேட்டாள். நான் சமையலைப் பார்த்தேன்.

ஒரு நாள் தேவகியிடம் சொல்லிவிட்டேன்: "அவ ஏறட்டும். ஆனா நான் கயிறு பிடிக்க மாட்டேன். அவ தொங்கறதப் பாத்தா என் கை எனக்குச் சொந்தமா இல்ல."

பக்கத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த அஞ்சலைதான் நிமிர்ந்தாள்.

"எனக்கும் அதே பயந்தான் டீச்சரம்மா. என் பொண்ணுக்கு நீ புடி. ஒன் பொண்ணுக்கு நான் புடிக்கிறேன்." பிறகு தயங்கி, "என்ன நீ நம்புவன்னா" என்றாள்.

மறுநாள் மகா ஏறினாள். கயிறு என் கையில். அஞ்சலை முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"எங்க இருக்கா டீச்சரம்மா?"

"பாதியில."

"இப்ப?"

"இன்னும் பாதியிலதான். அவசரப்படாத."

மகா ஒரு முறை தவறினாள். பிடித்தேன். தொங்கினாள், சிரித்தாள், மறுபடி சுவரைப் பற்றினாள். என் கை சொன்னபடி கேட்டது. அவளை இறக்கிவிட்டு, ஹார்னஸைக் கழற்றி அஞ்சலையிடம் கொடுத்தேன். அவள் மாட்டிக்கொண்டாள். நான் கருவியின் பூட்டைச் சரிபார்த்தேன், நித்யாவின் முடிச்சைச் சரிபார்த்தேன், இன்னொரு முறை பூட்டைச் சரிபார்த்தேன்.

"போதும் டீச்சரம்மா, அது தேஞ்சிடும்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் மையத்தில் விதி மாறியது. முதலில் பயிற்சியாளர் உச்சிவரை ஏறிப் பார்க்காமல் யாரும் ஏறுவதில்லை. சொந்தப் பிள்ளைக்கு அம்மா பிலே பிடிப்பதில்லை. புதிதாக வரும் அம்மாக்கள் ஏன் என்று கேட்பார்கள். பயம் போகும் என்று அவர்களுக்கு நான் சொல்வதில்லை, எனக்கு இன்னும் போகவில்லை. கயிறு பிடிக்கிறவள் பிள்ளையைப் பார்க்கும்போது அவளுக்குக் கயிறும் தெரிய வேண்டும், பெற்றவளுக்குப் பிள்ளை மட்டும்தான் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். இன்னொருத்தியிடம் கயிற்றைக் கொடுக்கப் பழக எனக்கு என் மகள் முகவாயில் தையல் தேவைப்பட்டது. அவர்களுக்குத் தேவைப்படக் கூடாது.

அன்று மகாவுக்குப் பிறகு நித்யா ஏறும்போது நானும் கடலைப் பார்த்துத்தான் நின்றேன்.

"எங்க இருக்கா?" என்று கேட்டேன்.

அஞ்சலை பதில் சொல்லவில்லை. அவள் கண் முழுக்க மேலே, என் பிள்ளைமேல் இருந்தது. நான் மறுபடி கேட்கவில்லை.