வாய் நிறைய ‘வந்து’

எனக்குத் திக்குவாய். எழுதுவதால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வாயால் சொல்வதாக இருந்தால் நீங்கள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

ப, க, ட மூன்றும் என் ஜென்ம விரோதிகள். அதிலும் ‘ப’ என்றால் உதடுகள் ஒட்டிக்கொண்டு திறக்கவே திறக்காது. மயிலாப்பூர் மாடவீதியில் காய்கறிக்காரம்மா முன்னால் நின்று ‘புடலங்காய்’ என்று கேட்க முடியாமல் வெண்டைக்காயோடு வீட்டுக்குப் போன நாட்கள் ஏராளம். விரலால் காட்டலாமே என்பீர்கள். காட்டினால் எவ்வளவு என்று கேட்பாள். கால் கிலோ. அதற்கும் ‘க’ வேண்டும். இதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வேறு. திக்குவாய்க்காரிக்குக் கோபம் வரவே கூடாது. திட்டி முடிப்பதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவான்.

என்னைக் கரையேற்றியது ‘வந்து’தான். கல்லூரியில் ஒரு தோழி எதைச் சொன்னாலும் “அது வந்துடி...” என்று இழுப்பாள். ஒருநாள் கிண்டலுக்காக அவளைப் போலவே, “வந்து... பஸ் போயிடுச்சு” என்றேன். ‘ப’ சமர்த்தாக வெளியே வந்துவிட்டது. அன்று பிடித்ததை நான் விடவில்லை. அது கிடைக்காத இடத்தில் ‘அதாவது’, அதுவும் இல்லையென்றால் ஒரு ‘ம்ம்’. இந்தப் பெண் இழுத்து இழுத்துப் பேசும் என்றார்களே தவிர, திக்குவாய் என்று ஒருவரும் சொல்லவில்லை. எந்தச் சாமியையும் நான் இத்தனை முறை கூப்பிட்டதில்லை. அந்த நன்றியை எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

அதை வைத்துக்கொண்டே பி.எட். முடித்தேன், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகவும் சேர்ந்தேன். தற்காலிக வேலை. திக்குவாய் என்று தெரிந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? மூச்சு விடவில்லை. இரண்டரை வருடம் ஓடியது.

மூன்றாவது வருடம், ஜனவரியில் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

“டீச்சர், உங்க ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க எதைக் கேட்டாலும் ‘வந்து, வந்து’ன்னு ஆரம்பிக்குதுங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் சிரிச்சிட்டுப் போறார். எங்கேருந்து ஒட்டிக்கிச்சுன்னு நான் சொல்ல வேணாம். அதைச் சரி பண்ணிக்கிட்டு மார்ச்ல எங்க முன்னாடி ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்க. பர்மனென்ட் பண்றதா, வேற ஆள் பாக்கறதான்னு அப்புறம் முடிவு பண்ணலாம்.”

வேறு ஆள் என்றால் எனக்கு வேறு பள்ளி. வேறு பள்ளி என்றால் இன்டர்வியூ. இன்டர்வியூ என்றால் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் என் பெயரைச் சொல்ல வேண்டும். என் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

தி. நகரில் ஒரு மாடியில் சனிக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சி நடந்தது. சேர்ந்தேன். ‘வந்து’, ‘அதாவது’, ‘ம்ம்’ எது வாயில் வந்தாலும் மாஸ்டர் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். முதல் நாள் நான் பேசிய இரண்டு நிமிடத்தில், மாடியில் மேளம் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றே கீழே நினைத்திருப்பார்கள்.

“யோசிக்கணும்னா சும்மா நிறுத்துங்க மேடம். மௌனம் அழகு” என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கு அழகு. நான் நிறுத்தினால் மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம். அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது, சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் ‘வந்து’ என்னை விட்டுப் போய்விட்டது. வகுப்பில் பேச்சைக் குறைத்து போர்டில் எழுதித் தள்ளினேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மார்ச்சில் அந்த நாளும் வந்தது. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டுத் தாளாளரும் தலைமையாசிரியையும் உட்கார்ந்தார்கள். செவ்வகம் வரைந்தேன். நீளம், அகலம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன்.

“ரெண்டையும் மல்டிப்ளை செஞ்சா வர்றதுதான் செவ்வகத்தோட ப...”

அவ்வளவுதான். பரப்பளவு வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. நிறுத்தினேன், மூச்சு இழுத்தேன், மறுபடி ‘ப’ என்று முட்டினேன். தாளாளர் பேனா மூடியைத் திறந்தார். ஒழிந்தோம் என்று நினைத்தேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அவள் குடும்பத்தைக் குடிசையிலிருந்து காலி செய்து அரசாங்கம் ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகும், பள்ளியை மாற்ற மாட்டேன் என்று இரண்டு பஸ் மாறி வருகிறவள். வாயாடி.

“மிஸ், நீங்க ‘வந்து’ போட்டுகினே பேசுங்க மிஸ். அப்பதான் எங்களுக்குப் புரியும்.”

யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் நோட்டைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

“வந்து...” என்றேன். “பரப்பளவு.”

அதற்கப்புறம் மணி அடிக்கிற வரைக்கும் வாய் நிறைய ‘வந்து’ போட்டுத்தான் பாடம் நடத்தினேன். தாளாளர் கேட்ட நான்கு கேள்விக்கும் பிள்ளைகள் “வந்து சார்” என்று ஆரம்பித்துச் சரியாகப் பதில் சொன்னார்கள். வெளியே போகும்போது வாசலில் நின்று, “எனக்குத் தெரியாது டீச்சர், முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றார். “பர்மனென்ட் ஆர்டர் ஜூன்ல கைக்கு வந்துரும்.” அவருக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்த வாயாடியைத் தேடிப் போனேன். வராந்தாவில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“எனக்குத் திக்கும்னு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?”

“ஆறாவதுலயே தெரியும் மிஸ். மொத நாளே.”

“எல்லாருக்குமா?”

“ஆமா மிஸ். நீங்க போனதும் கிளாஸ் லீடரு, சிரிச்சவங்க பேர போர்டுல எழுதிட்டா. மிஸ்ஸப் பாத்து சிரிச்சா அவங்களோட யாரும் ஒக்காந்து சாப்டக்கூடாதுன்னா. அப்பாலிக்கா யாருமே சிரிக்கல.”

“யாரையெல்லாம் எழுதினா?”

தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றை அளைந்தாள்.

“ரெண்டு பேரு மிஸ். அதுல ஒண்ணு நானு. ஒரு வாரம் தனியாதான் சாப்ட்டேன்.”

நான் உள்ளே போய் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.