மேடில்லாத ஊரில் ஒரு கார்

என் சம்பளத்தில் வாங்கிய கார் அது. என்னைவிட நான்கு வயது மூத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, கம்பஸ் போய், கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிற முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அந்தக் காரை யாராவது பழசு என்றால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அதைப் பெரும்பாலும் ஓட்டியது அப்பாதான். இருபது வருடம் டிரக்டர் மிதித்த கால் அவருடையது.

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, மண்டூர்த் துறையைக் கடந்தபோதுதான் முதலில் அது நடந்தது. வாவியைக் கடக்க வாகனங்களை ஏற்றும் தட்டைப் படகை நாங்கள் ‘பாதை’ என்போம். அக்கரை சேர்ந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கி நடந்த பிறகு, அப்பா காரைக் கரைக்கு ஏற்றினார். எக்சிலேட்டரை மிதித்ததும் கார் எச்சில் விழுங்குவது போல ஒரு கணம் நின்று, அரை முழம் பின்னால் வழுக்கியது. பாதையில் நின்றவர் ஓடி வந்து டயருக்குக் கட்டை போட்டார். மறுகணம் ஒன்றுமே நடக்காதது போல் கார் பாய்ந்து ஏறியது.

“என்ன பெரியவர், கால் நித்திரையா?” என்றார் கட்டை போட்டவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

ஏன் என்று அன்று பின்னேரம் தெரிந்தது. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு.

“மகள், போன கிழமை வட்டையில இருந்து வரக்குள்ள ஒரு செருப்புக் கழண்டு போச்சு. வயலுக்குள்ள இருந்து வீடு மட்டும் நடந்து வந்திருக்கன், காலுக்கு விளங்கல்ல.”

கிளினிக் போவோம் என்றேன். “முதல்ல காரைக் காட்டுவம்” என்றார். பிழை காரில் இருந்துவிட்டால் போதும் என்றுதான் இரண்டு பேருமே நினைத்தோம்.

களுதாவளையில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பிளக் மாற்றினார், பெற்றோல் பில்டர் மாற்றினார், எயார் பில்டரை ஊதித் தட்டினார். மெயின் ரோட்டில் ஒரு ஓட்டம் விட்டுவந்து பொனெட்டைச் சாத்தினார்.

“கல்லுப் போல இருக்கு அண்ணன். இனி மாத்துறதெண்டா உங்கட காலைத்தான் மாத்தணும்.”

பகிடிக்குத்தான் சொன்னார். அப்பா காரின் திறப்பை என் கையில் வைத்தார். “இனிக் காரை நீயே ஓடு.”

நான் படித்தவள். ஒரு கொப்பியில் கட்டம் போட்டேன். எஞ்சின் சூடா, ஏசி போட்டிருந்ததா, டாங்கியில் எவ்வளவு, திணறியதா. அலுவலகத்துக்குப் போகவர இரண்டு கிழமை எழுதினேன். கடைசிக் கட்டத்தில் எல்லா நாளும் ‘இல்லை’. கொப்பியின் நேர்த்தியில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காரில் பிழை இல்லை, அப்பாவின் காலில்தான் என்று அது சொன்னது. நான் அவரிடம் காட்டவில்லை, ஒளிக்கவும் இல்லை. அவருக்குப் பெரிதாக வாசிக்க வராது. ஆனால் ஒரே சொல் மேலிருந்து கீழ்வரை இறங்குவதைப் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லையே.

பிறகு ஒருநாள் மாமி வீட்டுக்கு இரண்டு மூடை நெல் கொண்டுபோக வேண்டியிருந்தது. நான் ஓட்டினேன். பாதை அக்கரை தட்டியதும் அப்பா இறங்கி முன்னால் நடந்தார். நான் மிதித்தேன். கார் எச்சில் விழுங்கியது. பின்னால் வழுக்கியது.

பிரேக்கை ஊன்றிக்கொண்டு நான் சிரித்தேன். அப்பா பதறித் திரும்பி ஓடி வந்தார். “என்ன மகள், என்ன?”

“அப்பா, எனக்கும் செய்யுது!”

“என்ன செய்யுது?”

“உங்கட கால் இல்லப்பா! என்ட காலுக்கும் செய்யுது!”

அதே ஆள் கட்டையோடு வந்தார். “இந்தக் காருக்குள்ள ஏறுற ஆக்களுக்கெல்லாம் என்னமோ பிடிக்குது” என்றார்.

கரைக்கு ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் மேடே கிடையாது. வாவியும் வயலும் ஒரே மட்டம்; துறையில் கரைக்கு ஏறும் இந்தச் சரிவு ஒன்றுதான் ஏற்றம். நான் ஓட்டிய இரண்டு கிழமையும், மெக்கானிக் விட்ட ஓட்டமும் தட்டை ரோட்டில். காரை ஒரு தடவைகூடப் பாரம் இழுக்கவிட்டுப் பார்க்கவில்லை.

மர நிழலில் நிறுத்திப் பொனெட்டைத் திறந்தோம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடது காலால் பிரேக்கை இறுக்கி, கியரைப் போட்டு வலது காலால் மெல்ல மிதித்தேன். பாரம் ஏற ஏற எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா பக்கவாட்டில் நின்று குனிந்து பார்த்தார்.

“நில்லு. திரும்பக் குடு… இஞ்ச பார், மீன் வாய் போல துறக்குது!”

எயார் பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாய். அடிப்பக்க மடிப்பொன்றில் வெடிப்பு. சும்மா நிற்கும்போது மூடிக் கிடந்தது. எஞ்சின் சாய்ந்தால் வாய் திறந்து கண்டபடி காற்றை இழுக்க, கார் திணறியது. அப்பா விரலால் விரித்துக் காட்டினார். என் கொப்பி சொன்னது பிழையாகிப்போனதில் எனக்கு வந்த நிம்மதி, எந்தச் சோதனை பாஸ் பண்ணியபோதும் வந்ததில்லை.

மெக்கானிக் குழாயை மாற்றினார். பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏத்தத்தில விட்டுப் பாக்க இஞ்ச ஏத்தம் எங்க கிடக்கு தங்கச்சி?” என்றார் என்னிடம். பிறகு, “அண்ணன், அண்டைக்குச் சொன்னத மனசில வைக்காதீங்க.”

“மனசில வைக்கல்ல தம்பி. கால்லதான் வச்சிருந்தன்.”

அடுத்த கிழமை கிளினிக்குக்கு அவரே வெளிக்கிட்டார். “கார் தப்பிட்டு. மறுகா நம்மட காலப் பாப்பம்.”

நேர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பட்டால் ‘ஓம்’ என்று சொல்ல வேண்டும். நான் கதவடியில் நின்று எண்ணினேன். வலது காலில் ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு ஓம். இடது காலில் குதிக்கு ஓம், பெருவிரலுக்கு ஓம். சின்ன விரலுக்குச் சத்தமில்லை. திரும்பத் தொட்டார். சத்தமில்லை. அப்பா ஒரு கண்ணைத் திறந்து களவாகப் பார்த்தார்.

“கண்ண மூடுங்க ஐயா, இதென்ன சோதினையா பாத்து எழுத?”

வலது கால் நல்லாக இருக்கிறது, இடதைத்தான் கவனிக்க வேண்டும், வட்டைக்குள் வெறுங்காலோடு இறங்கவே கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் கையை நீட்டினார்.

“ஓட்டோ கியர் தானே, கிளச் இல்ல. இடது காலுக்கு அதுக்குள்ள என்ன வேலை?”

திறப்பைக் கொடுத்தேன். வாசலில் ஒரு பஸ்ஸுக்கு இடம் விட்டு, பிறகு மிதித்தார். கார் கேட்டவுடன் போனது.